வடகடல் கரைக்கு ஒரு நன்றி மடல்

தொண்டி, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் கரைகளிலும், இந்தப் பக்கம் ஆற்றங்கரை, பிரப்பன்வலசையிலும் வல்லம், வத்தை என்னும் நாட்டுப் படகுகளை வைத்துத் தொழில் செய்யும் பெரியவர்களுக்கும் அண்ணன்மாருக்கும், கடற்பாசி வளர்க்கும் அக்காமாருக்கும், பைபர் படகுப் பட்டறைக்காரர்களுக்கும், கடலோரக் காவல் நிலையத்தாருக்கும், கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் தூண்டில் போட வரும் எங்களின் வணக்கம்.

உங்களுக்குக் கடல் பிழைப்பு. விடுமுறை நாளில் காரின் தலையில் பிளாஸ்டிக் படகைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனாலும் வலை உதறுவதை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள். நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. சொல்லிக் கொடுத்ததை எல்லாம் எழுதி வைத்தால், நாளை முதல் தடவையாகக் கயாக் இறக்க வருகிறவருக்கும் அது போய்ச் சேரும்.

முதல் நன்றி காற்றைப் பற்றிச் சொன்ன பெரியவர்களுக்கு. கச்சான் காற்று வீசும் காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் விரிகுடா குளம் போலக் கிடக்கும் என்பது இராமநாதபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டுத்தான் கயாக்காரர்கள் வைகாசி, ஆனியில் பாக் விரிகுடாப் பக்கம் வருகிறார்கள். ஆனால் அந்தக் குளத்துக்குள் இருக்கும் ஆபத்தை எடுத்துச் சொன்னது நீங்கள்தான். கச்சான் தென்மேற்கிலிருந்து வீசுவது. நம் வடகடல் கரைக்கு அது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. பனையும் கருவேலமும் மறைப்பதால் கரையோரத்தில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஒரு கிலோமீட்டர் உள்ளே போனதும் மறைப்பு தீர்ந்து முதுகில் காற்று பிடிக்கும். துடுப்பு தானாக ஓடுவதுபோல் சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் விளங்கும். அகலமான தூண்டில் கயாக், சாமானோடு, அமைதியான நீரில் மணிக்கு 5 கிலோமீட்டர் போகும். எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் அதில் பாதிகூடப் போகாது. கை ஓய்ந்து நிறுத்தினால் ஒவ்வொரு நிமிடமும் படகு வடக்கே, வடகிழக்கே நகரும். அந்தத் திசையில் இருப்பது நடுக்கடலும், 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வகுத்த எல்லைக் கோடும்.

அதனால் கச்சான் நாளில் கரையை ஒட்டியே, இடுப்பளவு ஆழத்துக்குள் இருக்கிறோம். வெளிச்சம் வந்ததும் இறங்கி 9 மணிக்குள் ஏறிவிடுகிறோம். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். கடலில் ஆங்காங்கே வெள்ளைநுரை தெரிந்தால் அந்த நேரமே திரும்புகிறோம். காற்று கடலிலிருந்து கரைக்கு வரும் நாளில், போகும்போது எதிர்காற்றில் துடுப்பு வலித்து, வரும்போது அதன் துணையோடு வருவதே வழக்கம். வாடைக்காலத்தில், அதாவது ஐப்பசியிலிருந்து தை வரை, வடகடலில் கயாக் இறக்குவதே இல்லை. ஆழம் குறைந்த கடல் என்பதால் அலை நீளமாக எழாமல், குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். மூன்றரை மீட்டர் கயாக் ஒரு அலையின் முதுகிலும் அடுத்ததன் பள்ளத்திலும் ஒரே நேரத்தில் கிடக்கும்.

இறக்கும் இடம் காட்டியவர்களுக்கு அடுத்த நன்றி. இங்கே ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் தரை அவ்வளவு தட்டை. ஒரு சாண் நீர் வற்றினாலே வெகுதூரம் சேறு வெளிப்பட்டுவிடும். காலையில் மிதந்து போன இடத்தில் மதியம் முழங்கால் சேற்றில் 35 கிலோ படகை இழுக்க வேண்டி வரும். வல்லம் கட்டியிருக்கும் வாய்க்கால் எது, மணல் தரை எது, முகத்துவாரத்தில் எந்தப் பக்கம் இழுவை அதிகம் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது.

கட்டுமரம் போல எங்கள் கயாக்கும் உள்ளே உட்காரும் படகு இல்லை, மேலே உட்காரும் படகு. கட்டுமரத்தில் மரங்களின் இடைவெளியில் தண்ணீர் வடிவது போல, இதில் தளத்துத் துளைகள் வழியே வடியும். வயிறு மட்டும் காற்றடைத்த கூடு. அந்தக் கூட்டுக்குள் தண்ணீர் போகும் வழிகள் சில: பின்புறம் இருக்கும் வடிகால் மூடி, சாமான் அறை மூடியின் ரப்பர், தளத்துத் துளைகளின் விளிம்பில் விழும் விரிசல், தூண்டில் தாங்கியின் ஆணித்துளை. இவற்றில் அதிகம் கவிழ்ப்பது முதலாவது. கழுவக் கழற்றிய மூடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது. உள்ளே புகுந்த தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடிச் சேர்வதால் படகு நிதானம் இழந்து புரளும். நடுவில் படகு வழக்கத்துக்கு மாறாகத் தள்ளாடினால் இருக்கையைச் சரி செய்துகொண்டிருக்கக் கூடாது, நேரே கரைக்கு வர வேண்டும்.

பாரம் நடுவிலும் தாழ்வாகவும் இருக்கட்டும். படகின் மேல் எழுதியிருக்கும் தாங்கும் எடையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. ஆளின் எடை, ஐஸ் பெட்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான். இறக்கும்போதும் ஏற்றும்போதும் தூண்டில் கம்புகள் படுத்துக் கிடக்க வேண்டும். படகின் முன்முனையான அணியத்தை அலைக்கு நேராக வைத்து முழங்கால் ஆழம் வரை நடத்திக்கொண்டு போய், முதலில் உட்கார்ந்து பிறகு காலை எடுத்து வைப்பது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றபடி ஏறினால் அநேகமாகக் கவிழும். கரைக்கும் படகுக்கும் நடுவில் எப்போதும் நிற்கக் கூடாது. சிறு அலைகூட அந்தப் பாரத்தை முழங்காலில் கொண்டுவந்து மோதும். தரையில் பாதத்தைத் தூக்கி வைக்காமல் உரசியே நடக்கச் சொன்னீர்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போகும். மிதித்தால்தான் வாலை வீசும்.

துடுப்பைப் பற்றி வத்தைக்கார அண்ணன்மார் சொன்னது எங்கள் புத்தக அறிவைத் திருத்தியது. கையால் இழுக்காதே, இடுப்பைத் திருப்பு என்பதுதான் அதன் சாரம். அலகைக் கால்விரலுக்கு நேராக நீரில் இறக்கி, இடுப்பு வரை வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் இழுத்தால் படகு முன்னே போகாது, முகம்தான் திரும்பும். குழிந்த பக்கம் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். 80 சென்டிமீட்டருக்கு மேல் அகலமுள்ள, இருக்கை உயர்ந்த கயாக்குக்கு 240 சென்டிமீட்டர் துடுப்பு பொருந்தும். 220 வாங்கினால் ஒவ்வொரு வீச்சிலும் விளிம்பில் விரல் இடிக்கும். துடுப்பைப் படகோடு ஒரு கயிற்றால் கட்டியே வைக்க வேண்டும். மீன் இழுக்கும் நேரத்தில் மடியிலிருந்து நழுவும் துடுப்பு, காற்றுள்ள நாளில் இரண்டே நிமிடத்தில் எட்டாத தூரம் போய்விடும்.

பைபர் பட்டறை அண்ணன் ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். விரிசல் விட்ட கயாக்கைக் கொண்டுபோனபோது, ரெசின் பூசிக் காசு வாங்கிக்கொண்டிருக்கலாம். இது பைபர் இல்லை, பாலிஎத்திலீன், ரெசின் இதில் பிடிக்காது, ஒரு வாரத்தில் உரிந்து வரும் என்று சொல்லித் திருப்பினார். சரியான வழி: விரிசலின் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்துவது, பிறகு விரிசலை வி வடிவில் சுரண்டி, அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியைச் சூடான காற்றால் இளக்கி நிரப்புவது. படகின் பிளாஸ்டிக்கும் உருகி ஒட்ட வேண்டும், குச்சி மட்டும் உருகினால் பயனில்லை. விரிசல் விழும் காரணத்தையும் அவரே காட்டினார். தள்ளுவண்டியின் இரண்டு முளைகளைத் தளத்துத் துளைகளில் செருகி, ஐஸ் பெட்டியோடு கல்லிலும் முள்ளிலும் இழுத்தால் முழு எடையும் அந்தத் துளை விளிம்பில் உட்காரும். பெல்ட் போட்டுக் கட்டும் தொட்டில் வண்டி மேல். ஆணிகளுக்கும் அப்படியே: அலுமினிய ரிவெட்டும் எவர்சில்வர் போல்ட்டும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும்.

வலை விஷயத்தில் எங்களைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. நண்டு வலை ஆழம் குறைந்த இடத்தில்தான் கிடக்கும், அதே இடத்தில்தான் கயாக்கும் சுற்றும். தெர்மோகோல் மிதவையோ கொடியோ தெரிந்தால் வலையின் மறுமுனையில் இருக்கும் அதன் ஜோடி எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டுச் சுற்றிப் போகிறோம். கடந்தே ஆக வேண்டுமென்றால் சுக்கானையும், காலால் மிதித்து ஓட்டும் கயாக் என்றால் அடியில் இருக்கும் மிதி இறக்கையையும் தூக்கிவிட்டுக் கடக்கிறோம். மிதவையில் படகைக் கட்டுவதில்லை. அந்த இழுப்பில் வலை இடம் மாறும். ஓடி வரும் வல்லத்தின் அணியம் உயர்ந்து நிற்பதால், பின்னால் சுக்கான் பிடிப்பவருக்கு நேர் முன்னே தாழ்ந்து கிடக்கும் கயாக் தெரியாது என்று விளக்கினீர்கள். அதன் பிறகு எல்லாப் படகிலும் நான்கடி உயரக் கம்பத்தில் ஆரஞ்சுக் கொடி. விடியும் முன் என்றால் சுற்றெங்கும் தெரியும் வெள்ளை விளக்கு.

பாசி அக்காமார் மண்டபம் பக்கம் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கிறார்கள். மிதவைக்கு மிதவை கயிறு ஓடும், நங்கூரக் கயிறு நீருக்கடியில் சாய்வாக இறங்கும். நடுவில் நுழைந்தால் படகும் சிக்கும், அவர்கள் உழைப்பும் அறுபடும். இரண்டு வல்ல நீளமாவது தள்ளிப் போகச் சொன்னார்கள், அப்படியே செய்கிறோம். கடல்தாழை மண்டிய தரையில் கொக்கி நங்கூரம் போட வேண்டாம் என்றதும் அவர்களே. இழுக்கும்போது அது வேரோடு பிடுங்கி வரும். ஆவுளியா என்னும் கடல்பசு மேயும் புல் அது. இடுப்பாழத்தில் ஒரு கம்பை ஊன்றிக் கட்டினால் போதும். ஆழம் கூடினால் மணல் மூட்டை. கொக்கி நங்கூரம் மணல் தரைக்கு மட்டும்: ஒன்றரை கிலோ, கயிறு ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு. எதுவானாலும் அணியத்திலோ பின்முனையிலோ கட்ட வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் நீவாடு என்னும் நீரோட்டம் அந்தப் பக்கத்தை அமுக்கிக் கவிழ்க்கும். கயிற்று முனையில் ஒரு மிதவை கோத்துவைத்தால், ஆபத்தில் கழற்றி எறிந்துவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

கவிழ்ந்த படகில் ஏறுவதைப் பழக்க மார்பளவு நீரில் மணிக்கணக்காகக் கூட நின்ற தம்பிகளே, உங்களுக்கும் நன்றி. தலைகீழாகக் கிடக்கும் படகின் குறுக்கே படுத்து, எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் நிமிரும். பிறகு காலை நீர்மட்டத்துக்கு உதைத்து, வயிறு இருக்கைமேல் வரும்வரை உந்தி, புரண்டு உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே எடுப்பது. செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு ஏற முயன்றால் படகு மறுபடி நம் மேலேயே கவிழும். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் பழக வேண்டும், அதன் தடிமன் விளிம்பில் இடிக்கும். அது உடம்பில் இருக்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் செருகிய ஜாக்கெட் கவிழ்ந்தபின் கைக்கு வராது. போனும் விசிலும் அப்படியே, படகில் இல்லாமல் உடம்பில்.

டீக்கடை அக்கா பிளாஸ்க்கில் நிரப்பித் தரும் வெந்நீர் டீக்கு அல்ல. கெளுத்தி முள்ளோ, ஓரா முள்ளோ, திருக்கை முள்ளோ குத்தினால், பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். குத்துப்பட்ட இடம் மரத்திருக்கலாம், சூட்டை மறுகையால் சோதித்துக் கலக்க வேண்டும். திருக்கை முள் ஆழமாக ஏறியிருந்தால், அதிலும் மார்பிலோ வயிற்றிலோ என்றால், பிடுங்காமல் மருத்துவமனைக்கு.

கடலோரக் காவல் நிலையத்தார் எங்களைச் சந்தேகமாகப் பார்த்திருக்கலாம். எல்லைக் கடல் இது. ஆனால் ஒரு தாளில் எழுதித் தரும் பழக்கத்தை ஏற்படுத்திக் கொடுத்தார்கள்: எத்தனை பேர், படகின் நிறம், இறங்கும் இடம், திரும்பும் நேரம், எத்தனை மணி தாண்டினால் தேட வேண்டும். அதன் நகல் கரையில் ஒருவர் கையில். 1093 கடலோரப் பாதுகாப்புக்கு, 1554 கடலோரக் காவல்படைக்கு. இரண்டு எண்ணும் இப்போது எல்லாப் படகின் உட்புறத்திலும் பெயின்டில் இருக்கின்றன. தென்கடல் பக்கம் போனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் எதிலும் கால் வைக்கக் கூடாது, அது 1986 முதல் தேசியப் பூங்கா என்றும் அப்போதே எச்சரித்தார்கள்.

எங்களால் ஆனது கொஞ்சம்தான். அறுந்து மிதக்கும் வலைத்துண்டைக் கண்டால் எடுத்து வந்து உங்கள் கொட்டகையில் போடுகிறோம். கயிறு போன மிதவை கண்டால் இடத்தைக் குறித்துச் சொல்கிறோம். ஆமையோ ஆவுளியாவோ வலையில் கிடந்தால் உடனே உங்களைக் கூப்பிடுகிறோம். உங்கள் வல்லம் வரும் நேரத்தில் இறங்குதுறையை மறித்து வண்டி நிறுத்துவதில்லை.

இந்த வாடைக்குப் படகுகளைக் கழுவி, மூடிகளைக் கழற்றி, நிழலில் கவிழ்த்து வைத்தாயிற்று. மாசி பிறந்ததும் வருவோம். இறக்கும் முன் கொட்டகைப் பக்கம் வந்து உங்களிடம் காற்றைக் கேட்டுவிட்டே துடுப்பை எடுப்போம்.

நன்றியுடன்,
கயாக்கில் தூண்டில் போடுவோர்