செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய போர்க்களங்களும் டிடெக்டர் பிடிக்கும் கையும்

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பழைய போர்க்களங்களைத் தேடிப் படிக்கும், சிங்கப்பூரில் இயங்கும் நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் பார்வைக்கு இவ்வறிக்கையை வைக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் முதலில் கேட்டது, மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தை ஒலியால் காட்டும் டிடெக்டரில் எதை வாங்கலாம் என்பதுதான். கருவியைக் கடைசியில் வாங்கினால் போதும் என்பதே செயலவையின் பதில். ஓர் அம்புமுனை எந்த வயலில், எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று தெரியாவிட்டால் அது வெறும் துரு. இடத்தைக் குறிக்காமல் எடுப்பவர், போர்க்களத்தின் ஒரு துண்டை என்றென்றைக்குமாக அழித்துவிடுகிறார். ஆண்டு முழுவதும் நம் வேலை இந்த ஒரு கருத்தைச் சுற்றியே நடந்தது.

படிப்பு வட்டம்

சமூக மன்ற அறையில் நடந்த படிப்பு வட்டத்தில் மூன்று களங்களை விரிவாகப் பார்த்தோம்.

முதலாவது ஜெர்மனியின் கால்க்ரீஸ. கி.பி. 9இல் வாருஸ் தலைமையில் மூன்று ரோமானியப் படையணிகள் அழிந்த போருடன் இணைத்துப் பேசப்படும் இடம். அங்கே பழைய நாணயங்கள் கிடைத்துவந்ததை வைத்து, 1885இலேயே வரலாற்றாசிரியர் மாம்சென் அந்தப் பகுதியைச் சுட்டிக்காட்டியிருந்தார். 1987இல் அங்கே தேடிய டோனி கிளன் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. தொல்லியல் அவருக்குப் பொழுதுபோக்கு. வயலில் இறங்குவதற்கு முன்பே ஓஸ்னாபுரூக் தொல்லியலாளர் வொல்ஃப்காங் ஷ்லூட்டரைப் பார்த்துப் பேசினார். முதலில் கிடைத்தவை தெனாரியஸ் எனும் ரோமானிய வெள்ளி நாணயங்கள். நாணயம் மட்டும் என்றால் வணிகர் புதைத்தது என்றும் சொல்லிவிடலாம். அடுத்த ஆண்டு கிடைத்த மூன்று ஈயக் கவண்குண்டுகள்தான் அங்கே படை இருந்ததைக் காட்டின. ஒவ்வொன்றும் கிடந்த இடம் பதிவானதால்தான் பின்னால் முறையான அகழாய்வு நடந்தது.

இரண்டாவது, அதே நாட்டின் ஹார்ட்ஸ்ஹார்ன். 2000இல் இடைக்காலக் கோட்டை ஒன்றைத் தேடி, அனுமதி இல்லாமல் டிடெக்டருடன் போனவர்கள் சில இரும்புப் பொருள்களை எடுத்தார்கள். அவற்றில் ஒன்றை மெழுகுவத்தித் தண்டு என்று நினைத்தார்கள். 2008இல்தான் விஷயம் தொல்லியலாளர்களிடம் வந்தது. அது ரோமானியக் குதிரையின் குளம்புக் காப்பு! வாருஸுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 3ஆம் நூற்றாண்டில், ரோமானியப் படை அவ்வளவு உள்ளே வந்து போரிட்டதற்குச் சான்று அது. பொருளைப் பற்றித் தெரியாததில் தவறில்லை. தெரிந்தவரிடம் உடனே காட்டாததால் எட்டு ஆண்டுகள் வீணாயின.

மூன்றாவது, ஸ்பெயினின் பயேகுலா. கி.மு. 208இல் ரோமானியத் தளபதி சிப்பியோவும், கார்தேஜ் தளபதி ஹானிபலின் தம்பி ஹஸ்த்ரூபாலும் மோதிய களம். அங்கே ரோமானியப் படை முன்னேறிய பாதையைக் காட்டிக்கொடுத்தவை வீரர்களின் காலணியிலிருந்து உதிர்ந்த சிறு இரும்பு ஆணிகள். பலர் டிடெக்டரில் இரும்பு ஒலியை வடிகட்டிவிட்டு, வெள்ளிக்கும் செம்புக்கும் மட்டும் காது கொடுக்கிறார்கள். அப்படிச் செய்திருந்தால் ஓர் ஆணிகூட அகப்பட்டிருக்காது.

பயிற்சி

பயிற்சியைப் பூங்காவிலோ கடற்கரையிலோ நடத்தவில்லை. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் மணல் நிரப்பி, 5, 10, 15 செ.மீ. ஆழங்களில் இரும்பு ஆணி, ஈயத் துண்டு, செம்புக் காசு ஆகியவற்றைப் புதைத்துக் கேட்டுப் பழகினோம். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இதைச் செய்தால் பயனில்லை. சிமெண்டுத் தரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளால் கருவி ஓயாமல் அலறும். தொட்டியை வைக்கும் மேசையிலும் ஆணியோ இரும்புக் காலோ இருக்கக்கூடாது.

களத்துக்கான முறை இது. முதல் சுற்றில் 10 மீட்டர் இடைவெளியில் கயிறு கட்டி நேர்கோட்டில் நடக்க வேண்டும். பொருள்கள் கூட்டமாகத் தென்படும் இடத்தில் இடைவெளியை 2.5 மீட்டராகக் குறைத்து மறுபடி நடக்க வேண்டும். டிடெக்டரின் அடியில் உள்ள வட்டச் சுருளைத் தரைக்கு 2 அல்லது 3 செ.மீ. உயரத்தில், தரைக்கு இணையாக வீச வேண்டும். வீச்சின் முடிவில் கை தானாக மேலே எழும். புதியவர்கள் கோட்டின் இரு ஓரங்களிலும் பொருள்களைத் தவறவிடுவது இதனால்தான். ஒலி கேட்டதும் தோண்டாமல், எண் போட்ட சிறு கொடியை நட்டுவிட்டு நடக்க வேண்டும். 1983இல் தீயில் புல் எரிந்துபோன அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் நடத்திய ஆய்வில் கொடி நடுபவர், எடுப்பவர், பதிபவர் எனத் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். நாமும் அப்படியே பிரிந்து பழகினோம்.

ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஏர் புரட்டும் மேல்மண் ஏறத்தாழ 25 முதல் 30 செ.மீ. அந்த மண் ஏற்கெனவே கலைந்தது. பொருள் அதற்குக் கீழே இறங்கினால் கையை எடுத்துவிட வேண்டும். கீழே இருப்பது கலையாத அடுக்கு. எலும்பு தென்பட்டால் எந்த ஆழமாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு பை. பையின் மேல் எண், ஆயத்தொலைவு, ஆழம், தேதி, எடுத்தவர் பெயர். கைபேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே சில மீட்டர் தவறும். மரத்தடியில் இன்னும் மோசம். அதனால் நிலையான ஒரு புள்ளியிலிருந்து நாடாவால் அளந்த தூரத்தையும் சேர்த்து எழுத வேண்டும். சிங்கப்பூர் வரைபடத்தில் குறிக்கும்போது எஸ்விஒய்21 என்ற உள்ளூர் ஆயத்தொலைவு முறையைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்துள்ளோம். காசைத் தேய்க்கவோ கழுவவோ கூடாது. தேய்த்தால் எழுத்து போய்விடும். இரும்பைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

வெண்ணி, தலையாலங்கானம், திருப்புறம்பியம், தக்கோலம் போன்ற தமிழகத்தின் பழைய போர்க்களங்களைத் தேடலாமா என்று உறுப்பினர்கள் எழுத்துமூலம் கேட்டிருந்தார்கள். படித்துத் தேடலாம், நடந்து பார்க்கலாம், டிடெக்டரை எடுத்துச் செல்லக் கூடாது என்பது செயலவையின் முடிவு. இந்தியாவின் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுவர முடியாது. தாத்தாவின் வயலில் கிடைத்தது என்ற பேச்சு செல்லாது.

கருவியால் பயனும் குறைவு. காசளவுப் பொருளைச் சாதாரண டிடெக்டர் 20, 25 செ.மீ. வரைதான் கேட்கும். காவிரி வண்டல் மூடிய வெண்ணி வயலில் அதற்குக் கேட்பது டிராக்டர் போல்ட்டும் சோடா மூடியும்தான்.

தொண்டூழியர் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. நடுகற்களைப் படமெடுத்து இடம் குறிப்பது அவற்றில் முதன்மையானது. தக்கோலத்தில் 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் மடிந்த செய்தியைத் தரும் கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு, பன்றியோடு போரிட்டு இறந்த காளி என்ற நாய்க்கு எடுத்த நினைவுக்கல்லில் இருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் வெளிப்பட்ட தமிழ் பிராமி நடுகற்களும் இப்படி ஊர்ப்புறத்தில் கிடந்தவையே. கல்லில் சுண்ணாம்பு, எண்ணெய், மாவு எதையும் பூச வேண்டாம். சாய்வெளிச்சத்தில் எடுத்தால் எழுத்து தெரியும்.

சிங்கப்பூரில்

ஆடம் பார்க்கில் ஜப்பானியப் படையுடன் நடந்த 1942 பிப்ரவரிப் போரின் தடயங்களை டிடெக்டர் கொண்டு முறைப்படி ஆராய்ந்த திட்டம் நமக்கு நல்ல முன்மாதிரி. அதைப் பார்த்துவிட்டு யாரும் தனியாகப் புக்கிட் தீமா காட்டுக்குள் இறங்கக் கூடாது. பூங்காவிலும் இயற்கை வனப்பகுதியிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அரசு நிலத்தில் சிங்கப்பூர் நில ஆணையத்தின் அனுமதி வேண்டும். வெடிக்காத தோட்டாவை உரிமமின்றி வைத்திருப்பது கடுங்குற்றம்.

2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் அகப்பட்ட 100 கிலோ குண்டைச் செயலிழக்கச் செய்ய 4,000க்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. எண்பது ஆண்டுத் துரு குண்டைச் சாதுவாக்குவதில்லை. வெடிமருந்து அப்படியே இருக்க, அதை வெடிக்கவைக்கும் பகுதி மட்டும் நிலைகெட்டு இன்னும் ஆபத்தாகிவிடும். உருளையாக, கனமாக, ஒரு முனை கூராக ஏதேனும் தென்பட்டால் தொடாதீர்கள், மண்ணைத் தட்டாதீர்கள். வந்த வழியே விலகி, மற்றவர்களையும் விலக்கி, 999ஐ அழையுங்கள்.

நிதியும் தீர்மானங்களும்

தணிக்கை செய்த வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைக்கிறார். சங்கப் பணத்தில் புதிய டிடெக்டர் வாங்கவில்லை. கொடி, நாடா, பை, வரைபட நகல் ஆகியவற்றுக்கே செலவிட்டோம்.

பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள். ஒன்று: நில உரிமையாளர் அல்லது உரிய அமைப்பின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் தேடும் உறுப்பினரின் உறுப்பியம் அன்றே நீக்கப்படும். இரண்டு: தேசிய ஆவணக் காப்பகத்திலும் லீ கொங் சியான் ஆய்வு நூலகத்திலும் உள்ள பழைய நிலப்படங்களில், 1942 களங்களுக்கான ஓடைகளையும் பாதைகளையும் இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட ஒரு துணைக்குழு அமைக்கப்படும். துணைக்குழுவில் சேர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

செயலாளர்