தண்ணீர் மீட்டர்: பல்ஸ் இரட்டிப்பாக எண்ணினால்

ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் மூடி, குறிப்பிட்ட அளவு தண்ணீருக்கு ஒரு பல்ஸ், அதாவது ஒரு மின் துடிப்பு, தரும் சுவிட்ச்) வயர் உள்ள மீட்டரை ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லில் இணைப்பவர்கள் கவனத்துக்கு: ஒரு வயர் கிரவுண்டுக்கு, மற்றது ஜிபிஐஓ பின்னுக்கு (சிக்னலை வாங்கும் இணைப்புக் கால்). 34 முதல் 39 வரையுள்ள பின்களில் உள் புல்அப் (சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை உயர் மின்னழுத்தத்தில் வைத்திருக்கும் மின்தடை) கிடையாது. வெளியே 10 கிலோஓம் மின்தடை போட வேண்டிவரும்.

கணக்கு எகிறினால் பெரும்பாலும் சுவிட்ச் துள்ளல்தான்: ஒருமுறை மூடும்போதே தொடர்பு பலமுறை விட்டுவிட்டுச் சேர்கிறது. ஈஎஸ்பி32-ஐ இயக்கும் ஈஎஸ்பிஹோம் மென்பொருளின் பல்ஸ் கவுண்டரில் வன்பொருள் வடிகட்டி அதிகபட்சம் 13 மைக்ரோவினாடி. அது இதற்குப் போதவே போதாது. பல்ஸ் மீட்டர் சென்சாருக்கு மாறி, இன்டர்னல் ஃபில்டரை 100 மில்லிவினாடி வையுங்கள். பல்ஸுக்கு 1 லிட்டர் மீட்டரில் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடினாலும் 2 வினாடிக்கு ஒரு பல்ஸ்தான், எதுவும் விடுபடாது.

வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்தில் காட்டும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளின் எனர்ஜி பக்கத்தில் மீட்டர் கணக்கு வரவில்லையா? மொத்த சென்சாரின் டிவைஸ் கிளாஸ் வாட்டர், ஸ்டேட் கிளாஸ் டோட்டல் இன்கிரீசிங் என்று இருக்கிறதா பாருங்கள். மீட்டர் சீலை மட்டும் தொடாதீர்கள்.