காரைக்குடி பெரிய வீட்டு மராமத்து: பங்காளிகளுக்கு நிறைவு அறிக்கை

சிவமயம்.

பங்காளிகளுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம். ஐயா கட்டிய வீட்டின் மராமத்து பங்குனியோடு முடிந்தது. வரவு செலவு நகல் முகப்புச் சுவரில் இருக்கிறது. ரசீதுக் கட்டுகளை யாரும் எப்போதும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

மின் வயர் முழுதும் மாற்றியாயிற்று. பின்கட்டில் கழிப்பறை 2. கிணறு தூர் வாரினோம். இரண்டாம் கட்டில் உடைந்த தரைக்கு ஆத்தங்குடியிலேயே பழைய பூவேலைக்கு அச்சு வெட்டிக் கல் வார்த்து வந்தோம்.

இனி வளவுச் சுவர், அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியின் சுவர். 4 லட்சம் என்ற பூச்சு வேலை 7.25 லட்சம் ஆனது எப்படி, ஒரே சுவருக்கு இரண்டு கூலியா என்று வாட்ஸ்அப்பில் கேட்டீர்கள். முதல் ஒப்பந்தக்காரரிடம் சுண்ணாம்புப் பூச்சு என்றுதான் எழுதி வாங்கினோம். மராமத்துக் குழுவில் உள்ள நாங்கள் மூவரும் சென்னைக் கல்யாணத்துக்குப் போயிருந்த 8 நாளில், கிழக்குச் சுவரைக் கொத்திவிட்டுச் சிமெண்டைப் பூசிவிட்டார். ஐப்பசி மழைக்குப் பிறகு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்: இடுப்புயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விட்டுவந்தது. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்ததும் ஈரம் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்படியே விட்டிருந்தால் செங்கல்லே பொடிந்திருக்கும். உடைக்கச் சொன்னது நாங்கள்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வோம். அவருக்கான பாக்கியை நிறுத்தினோம். கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. ஆள் வைக்காமல் ஊருக்குப் போனது எங்கள் தவறு.

அப்புறம் 70 வயதுக் கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது என்று பூசினார். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. அது ஈரம் காயுமுன் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். தினக்கூலி ஏறியது அதனால்தான். தையில் வந்த ஆச்சி ஒருவர் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்து, "சின்னப் பிள்ளையிலே இருந்த குளுமை" என்றார்கள்.

பற்றாக்குறைக்கு முகப்புத் தேக்குத் தூண் இரண்டை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விற்கலாம் என்று சிலர் எழுதினார்கள். மறுத்தோம். அந்த பர்மா தேக்கை இனி எந்த விலைக்கும் வாங்க முடியாது. தூணை விற்கத் தொடங்கிய வீடுகள் நிலைக்கதவு, உத்திரம் என்று போய் வெறும் மனையானதை நம் ஊரிலேயே பார்த்துவிட்டோம். யுனெஸ்கோ பணம் தராதா என்றும் கேட்டார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் ஏறியது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில்தான். அதனால் எந்த வீட்டுக்கும் ஓடு மாற்றப் பணம் வராது.

தலைக்கட்டுக் கணக்கில் வாங்கும் புள்ளி வரி போகக் குறைந்ததைத் தந்தவர்கள்: கோலாலம்பூரில் இருக்கும் மூத்த வீட்டு அண்ணன், பினாங்கு வீட்டு ஆச்சி, கோவைத் தம்பிமார் இருவர், சிங்கப்பூர்ச் சித்தப்பா, அமெரிக்காவிலுள்ள பேரப்பிள்ளைகள் ஐவர், தேவகோட்டைக்கு வாழ்க்கைப்பட்ட பெண்மக்கள் மூவர். வழக்கப்படி பெண்மக்களுக்கு இந்த வீட்டில் பங்கில்லை. கேட்காமலே கொடுத்தார்கள்.

வடக்கு மேல்மாடியில் நாட்டு ஓடுகளைப் பிரித்து அடுக்கும் வேலை பாக்கி. அடுத்த மழைக்குள் முடிக்கவேண்டும். அதற்குப் புதுக் குழு போடுங்கள். எங்களுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. கொத்தனார் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். சாவிக்கொத்து மூத்த வீட்டில் இருக்கிறது.