அம்மிணிக்கு, தம்பி பிறந்த ராத்திரியைப் பற்றி

அம்மிணி,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "தம்பிக்கு ஆன மாதிரி என் குழந்தைக்கும் ஆகிடுமாப்பா" என்று கேட்டாய். நான் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் எடுத்தவன், சொந்த மகள் ஏழாம் மாதத்தில் பயந்துபோய்க் கேட்கும்போது மழுப்பினேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் என்றால் பாதியில் தொண்டை அடைத்துவிடும்.

உனக்கு அப்போது நாலு வயது. அப்பத்தாவிடம் தூங்கிக்கொண்டிருந்தாய். 2001, ஐப்பசி மாசம், நல்ல மழை. சாயங்காலம் வலி எடுத்ததும் அம்மாவை ஊரில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, காலையில்தான் ஆகும், ஏதாவது என்றால் போன் பண்ணுங்கள் என்று நர்ஸிடம் சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார். வலி மந்தமாக இருக்கிறது என்று டிரிப்ஸில் மருந்து போட்டு ஏற்றினார்கள். அந்த மருந்து கெட்டதல்ல, எத்தனையோ பேருக்கு அதனால்தான் சுகப்பிரசவம் ஆகிறது, ஆனால் அது ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கருப்பை இறுகும்போதெல்லாம் நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் குறையும், இறுக்கம் விட்டால்தான் குழந்தைக்கு மறுபடி ஆக்சிஜன் போகும். விடாமல் இறுகிக்கொண்டே இருந்தால், முங்கி எழுகிறவனை எழ விடாமல் அமுக்கிப் பிடித்த மாதிரிதான். அதற்காகத்தான் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். வலி நன்றாக வந்தபிறகு 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை, முக்கும் நேரத்தில் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை. அம்மாவுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை கேட்டார்கள். அடுத்து கேட்டபோது மணி ஒன்று.

இரண்டு மணிக்கு மேல் பிறந்தான். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். நீ பிறந்தபோது போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது, அந்த மாதிரி ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஓடுகிற செருப்புச் சத்தம், தட்டு கீழே விழுகிற சத்தம், "டாக்டருக்கு போன் போடு" என்று ஒரு குரல், எல்லாம் கேட்டது. அழுகை மட்டும் கேட்கவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று அம்மா சொல்லித்தான் தெரியும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டியிருக்கிறார்கள், தண்ணீர் தெளித்திருக்கிறார்கள், ஆக்சிஜன் குழாயை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார்கள். மூச்சே இழுக்காத குழந்தைக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் பிடித்து என்ன பிரயோஜனம்? நாம்தான் காற்றை நெஞ்சுக்குள் அனுப்ப வேண்டும். ஆம்பு பேக் என்று ஒரு ரப்பர் பை, அதன் முனையில் குழந்தையின் வாயையும் மூக்கையும் மூடுகிற அளவுக்கு ஒரு சின்ன முகமூடி, அவ்வளவுதான் கருவி. அங்கே பை இருந்தது, முகமூடி பெரியவர்களுக்கானது. டாக்டர் வந்து சமாளித்து மூச்சு வரவைப்பதற்குள் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். அப்கார், ஒரு நிமிஷத்தில் 2, ஐந்து நிமிஷத்தில் 3. வர்ஜீனியா அப்கார் என்று நியூயார்க்கில் ஒரு மயக்க மருந்து டாக்டர், 1952-இல் ஏற்படுத்திய கணக்கு அது. இதயத்துடிப்பு, மூச்சு, நிறம், கைகால் முறுக்கு, தொட்டால் சிணுங்குவது, ஐந்துக்கும் இரண்டிரண்டு மார்க், மொத்தம் பத்து. அதற்குமுன் பிறந்த குழந்தையை முறையாகப் பார்த்துக் கணக்கெடுக்கும் வழக்கமே பெரிதாக இல்லையாம். அதற்கப்புறம் எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஃபைல், எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுதான், பிறந்ததும் அழவில்லை.

விடிகாலையில் கார் பிடித்துக் கோயமுத்தூர் கொண்டுபோனோம். போகிற வழியில் அவன் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தான், கண் திறந்தான், நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். மத்தியானம் ஃபிட்ஸ் வந்தது. ஒரு பக்கம் உதடு சப்புகிற மாதிரி, காலால் சைக்கிள் மிதிக்கிற மாதிரி, பார்த்தால் விளையாடுகிறான் என்றுதான் நினைப்போம். ஏன் முதலில் தெளிந்து அப்புறம் மோசமானான் என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. ஆக்சிஜன் நின்றதும் மூளை செல்லில் சக்தி தீர்ந்துபோகிறது, உப்பும் கால்சியமும் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது. ரத்தம் திரும்பி வந்ததும் பாதி மீள்கிறது. ஆனால் உள்ளே கெடுதல் தொடங்கியிருக்கும், சில மணி நேரம் கழித்து இரண்டாவது அடியாக இறங்கும். நடுவில் கிடைக்கிற சுமார் ஆறு மணி நேரத்தில் ஏதாவது செய்ய முடியுமா என்றுதான் உலகம் முழுக்க ஆராய்ந்தார்கள். குழந்தையின் உடம்பை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருந்தால் சேதம் குறைகிறது என்று 2005-இல் பெரிய ஆய்வுகள் வந்தன. அதைப் படித்த அன்று நான் ஸ்கூலில் இருந்து வீட்டுக்கு வராமல் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷம் முன்னால் பிறந்துவிட்டானே என்று.

தம்பிக்கு அடி விழுந்தது மூளையின் உள்ளே ஆழத்தில், அசைவைச் சீர்படுத்துகிற பகுதியில். திடீரென்று ஆக்சிஜன் முழுக்க நின்றால் முதலில் கெடுவது பெரும்பாலும் அந்த இடம், பிறக்கும் சமயத்தில் அங்கேதான் வேலை அதிகம். அதனால்தான் அவன் கை நினைத்த இடத்துக்குப் போகாமல் வளைந்து நெளிந்து போகிறது, பேச்சு குழறுகிறது. யோசிக்கிற பகுதி தப்பித்தது. இதை நமக்குப் புரிய வைத்தவர்கள் சென்னை கோட்டூர்புரத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காக இருக்கிற வித்யாசாகர் அமைப்புக்காரர்கள். ஐந்து வயதில் அங்கே கூட்டிப்போனபோது படம் ஒட்டிய ஒரு அட்டையை முன்னால் வைத்து, கண்ணாலேயே காட்டச் சொன்னார்கள். அவன் முதலில் காட்டிய படம் அக்கா. உனக்கு ஞாபகம் இருக்காது, நீ வெளியே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாய்.

சரி, இனிதான் எனக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம்.

ஒன்பதாம் மாசத்தில் அம்மா ஓர் எழவு வீட்டுக்குப் போய் வந்தாள், பெரியப்பாவின் மாமியார் இறந்ததற்கு. தம்பிக்குக் கழுத்து நிற்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அப்பத்தா அதையே பிடித்துக்கொண்டார். மாசமாக இருக்கிறவள் அங்கே போகலாமா, தீட்டு குழந்தை மேல் இறங்கிவிட்டது என்று. அப்புறம் பப்பாளி தின்றாள், டிவிஎஸ்ஸில் ஏறினாள், சரியாக முக்கவில்லை என்று வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று சேர்த்தார்கள். ஒன்றுகூட உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பத்தாவை எதிர்த்துப் பேசினால் வீடு இரண்டாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ பயப்படுவது ஆஸ்பத்திரியை நினைத்து மட்டும் இல்லை, "உன் அம்மாவுக்கு ஆனது உனக்கும்" என்று சின்ன வயதிலிருந்து காதில் விழுந்ததாலும்தான். அந்தப் பேச்சை நான் அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். அம்மாவிடம் போன வருஷம்தான் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் இப்போது கேட்கிறேன்.

லிட்டில் என்று ஓர் ஆங்கிலேய டாக்டர் 1861-லேயே, கஷ்டமான பிரசவத்தால்தான் பிள்ளைகளுக்குக் கைகால் இறுகிப்போகிறது என்று லண்டனில் பேசினார். பின்னாளில் மனத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற ஃபிராய்டு, அதற்குமுன் நரம்பு டாக்டராக இருந்தவர், எல்லாக் குழந்தைக்கும் அப்படி இல்லை, சிலருக்குக் கருவிலேயே தொடங்கியிருக்கலாம் என்று மறுத்தார். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, சிபி, அதாவது தம்பிக்கு இருக்கிற இந்த மூளை முடக்குவாதம், உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பிறந்த நேரத்து மூச்சுத்திணறல் காரணமே இல்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. தம்பிக்கு அதுதான் காரணம் என்று ஸ்கேனும் அந்தச் சீட்டும் சேர்ந்து காட்டின. அது ரத்தத்தில் ஓடுகிற வியாதி இல்லை கண்ணு, அந்த ஒரு ராத்திரியோடு சம்பந்தப்பட்டது. அம்மாவுக்கு நடந்ததால் உனக்கும் நடக்கும் என்று இல்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவும் சொல்ல மாட்டேன். இப்போது பார்க்கிற டாக்டரிடம் கூச்சப்படாமல் கேள். பிரசவ நேரத்தில் இதயத்துடிப்பை யார் பார்ப்பார்கள், எப்படிப் பார்ப்பார்கள், அவசரம் என்றால் ராத்திரியிலும் உடனே ஆபரேஷன் பண்ண முடியுமா, குழந்தை டாக்டர் கட்டிடத்திலேயே இருப்பாரா. முக்கியமாக, பிறந்ததும் அழாத குழந்தைக்கு ஒரு நிமிஷத்துக்குள் பை வைத்து மூச்சு கொடுக்கத் தெரிந்த ஆள் ஒவ்வொரு பிரசவத்திலும் கூட நிற்பாரா. 2009-இலிருந்து இந்தப் பயிற்சியை நம் அரசாங்கமே நர்ஸுகளுக்குக் கொடுக்கிறது, அதனால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்.

குளிர்விக்கிற வசதி இருக்கிறதா என்று மாப்பிள்ளை தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். இருந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பி ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் சேர்த்து 408 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2021-இல் வெளியானது. வெளிநாட்டில் பலன் தந்த அதே சிகிச்சை இங்கே பலன் தரவில்லை, குளிர்வித்த குழந்தைகளில் இறந்தவர்கள்தான் அதிகம். ஏன் என்று டாக்டர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. எனக்கு அதைப் படித்தபோது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த நாள் ஞாபகம் வந்தது, இத்தனை வருஷம் நான் தவறான இடத்தில் ஏங்கிக்கொண்டிருந்தேனோ என்று. தம்பிக்கு வேண்டியிருந்தது ஒன்பது மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் வயிற்றில் காது வைத்துக் கேட்க ஓர் ஆள், அப்புறம் ஒரு சின்ன முகமூடி.

குழந்தை அசைவது வழக்கத்தைவிடக் குறைந்த மாதிரி தோன்றினால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதே, உடனே போ. பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாகவோ கலங்கலாகவோ போனாலும் அப்படித்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அத்தை, சித்தி எல்லோரும் என்னைப் பிடுங்குகிறார்கள். வளைகாப்பு முடித்து இங்கேயே கூட்டிவந்துவிடு என்று. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். புனேயில் உன் ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து இருபது நிமிஷம், பச்சைக்குழந்தை ஐசியூ அதே மாடியில். இங்கே இன்றைக்கும் ஏதாவது என்றால் கோயமுத்தூருக்குத்தான் ஓட வேண்டும். முறை பார்த்துக் கூட்டிவர மாட்டேன், அம்மாவைத்தான் அங்கே அனுப்புகிறேன். தம்பியை நான் பார்த்துக்கொள்வேன், குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் எனக்கு இப்போது அம்மாவைவிட நன்றாகவே வருகிறது. அவன் நேற்றிலிருந்து விரல் மடக்கின கையால் போனில் உனக்கு ஏதோ டைப் பண்ணிக்கொண்டிருக்கிறான், என்னைப் பார்க்க விடவில்லை. வந்தால் உடனே பதில் போடு.

இதை எழுதி முடித்து அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. ஓரிடத்தில் விரலை வைத்து, "பத்தரை மணிக்கே தண்ணி பச்சையாப் போச்சு. துணியை அந்த நர்ஸுகிட்ட காட்டினேன், அதெல்லாம் சகஜம், படுன்னாங்க. அதை எழுதலையே நீங்க" என்றாள். இருபத்துநாலு வருஷத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரு கேட்டீங்க?" என்றாள்.

எழுதிவிட்டேன்.

அப்பா