பணம் இருக்கட்டும், கணக்கு எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மோர்மன் சபையின் சொத்து பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 100 பில்லியன் டாலர், நம் பணத்தில் எட்டு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல், என்று கொட்டை எழுத்தில் போட்டு, கடவுள் பெயரில் இவ்வளவு பணமா என்று வாயைப் பிளந்ததோடு முடித்துவிட்டீர்கள். நான் முப்பது வருடம் தணிக்கை வேலையில் இருந்தவன். கொழுத்த நிறுவனமும் பார்த்திருக்கிறேன், நொடித்துப்போன நிறுவனமும் பார்த்திருக்கிறேன். பெட்டியில் பணம் நிறைய இருப்பது ஒரு தணிக்கைக் குறை ஆகாது. பணம் போட்டவனுக்குக் கணக்குக் காட்டினார்களா என்பதுதான் கேள்வி, அதை உங்கள் கட்டுரை தொடவே இல்லை.

எனக்கு இதில் அக்கறை வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மகளும் மருமகனும் யூட்டா மாநிலத்தில் இருக்கிறார்கள், அங்கே போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். எதிர்வீடு, பக்கத்து வீடு இரண்டுமே மோர்மன் குடும்பங்கள். நல்ல மனிதர்கள். பனி கொட்டினால் நாம் எழுவதற்குள் நம் வாசலையும் சேர்த்து ஒதுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தசமபாகம், சபைக்குப் போகிறது. எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் தசமபாகம் என்ற சொல் யாருக்கும் புதிதில்லை, ஆனால் இங்கே அது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. அங்கே அப்படி இல்லை. தசமபாகத்தை முழுசாகக் கொடுக்கிறவருக்குத்தான் ஆலயத்துக்குள் போக அனுமதிச் சீட்டு. பிள்ளையின் திருமணம் ஆலயத்தில் நடந்தால், சீட்டு இல்லாத அப்பா அம்மா வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 2012இல் சபையின் பத்திரிகையிலேயே, தண்ணீர்க் கட்டணம், கரண்டு பில் கட்டப் பணம் போதாவிட்டாலும் முதலில் தசமபாகத்தைக் கொடு என்ற பொருளில் எழுதினார்கள். 2018இல் அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் நைரோபிக்குப் போனபோது, ஏழைகளுக்குத் தசமபாகத்தைப் போதிப்பதே அவர்களைத் தலைமுறை தலைமுறையாக வரும் வறுமையிலிருந்து மீட்கத்தான் என்று பேசினார். கென்யாவில் போய்!

இப்படிக் கறாராக வாங்குகிற இடம் எவ்வளவு கறாராகக் கணக்குச் சொல்ல வேண்டும்? 1959 வரை சொன்னார்கள். வருடா வருடம் ஏப்ரல் மாநாட்டில் செலவு விவரம் வெளிவரும். அதற்கப்புறம் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சமயத்தில் ஊர் ஊராகக் கட்டடம் கட்டி, செலவு வரவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு சபையின் தலைமைக் குழுவுக்கு என். எல்டன் டானர் என்பவர் வந்து, வரவுக்குள் செலவு, மீதி சேமிப்பு என்று ஒழுங்குபடுத்தினார். நல்ல காரியம்தான். கடன் என்றால் அந்தச் சபைக்கு ஏன் அவ்வளவு பயம் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது: சபையில் அன்று இருந்த பலதார மணத்தை ஒழிக்க அமெரிக்க அரசு 1887இல் போட்ட சட்டத்தில் சபையின் சொத்தே பறிபோனது, கடன் கழுத்தை நெரித்தது, 1899இல் அன்றைய சபைத் தலைவர் லொரென்சோ ஸ்னோ ஊர் ஊராகப் போய்த் தசமபாகத்தை வற்புறுத்தினார், 1907இல்தான் கடன் தீர்ந்தது. சரி, எல்லாம் புரிகிறது. துண்டு விழுந்த காலத்தில் மூடிய பேரேட்டைப் பணம் குவிந்த பிறகும் ஏன் திறக்கவில்லை?

குவிந்தது எப்படி என்றால், வருடத்துக்கு சுமார் 7 பில்லியன் டாலர் காணிக்கை வருகிறது, 6 பில்லியன் செலவாகிறது, மிச்சம் ஒரு பில்லியன் சேமிப்புக்குப் போகிறது. இது 2019இல் டேவிட் நீல்சன் என்ற முதலீட்டு மேலாளர் வருமான வரித்துறைக்குக் கொடுத்த புகாரில் இருந்த கணக்கு. சபை 1997இல் தொடங்கிய என்சைன் பீக் என்ற முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர், அவரும் சபை உறுப்பினர்தான். 22 வருடத்தில் அந்த நிதியிலிருந்து தருமத்துக்கு என்று ஒரு காசு போகவில்லை, போனது இரண்டே இடத்துக்கு, நஷ்டத்தில் இருந்த சபையின் காப்பீட்டு கம்பெனிக்கு 600 மில்லியனும் சால்ட் லேக் சிட்டியில் ஆலயத்துக்கு எதிரே கட்டிய சிட்டி கிரீக் என்ற ஷாப்பிங் மாலுக்கு 1.4 பில்லியனும் என்பது அவர் குற்றச்சாட்டு. அந்த மாலுக்கு நானும் போனேன். நடுவில் ஓடை விட்டு மீன் நீந்த வைத்திருக்கிறார்கள், மேற்கூரை திறந்து மூடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, ஓய்வு நாள் அல்லவா.

மால் விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது. ஜேம்ஸ் ஹன்ட்ஸ்மன் என்ற பணக்காரர், தசமபாகத்தை வியாபாரத்தில் போட மாட்டோம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டீர்கள், நான் கொடுத்த 5 மில்லியனைத் திருப்பித் தாருங்கள் என்று வழக்குப் போட்டார். 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரிய அமர்வு சபைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. சேமித்த நிதியின் வருமானத்திலிருந்துதான் மால் கட்டுவோம் என்று சபை முன்னாடியே சொல்லியிருந்தது, ஆகவே பொய் சொன்னதாகாது என்று. சட்டப்படி சரியாகத்தான் இருக்கும். தானமாக வந்தது பசு, பால் தானக் கணக்கில் வராது என்கிற மாதிரி.

ஆனால் என்னைப் பொறுத்தவரை மால் விவகாரத்தை விடப் பெரிய விஷயம், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2023 பிப்ரவரியில் போட்ட, உங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன அபராதம். அமெரிக்காவில் 100 மில்லியன் டாலருக்கு மேல் பங்கு வைத்து நிர்வகிக்கிற நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எந்தப் பங்கு எவ்வளவு என்று படிவம் கொடுக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சபையின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக 13 பொம்மைக் கம்பெனிகளை உருவாக்கி, அவற்றின் பெயரில் படிவங்களைக் கொடுத்தார்கள். 2018 வாக்கில் அப்படி மறைந்திருந்த பங்குகளின் மதிப்பு சுமார் 32 பில்லியன். அந்தக் கம்பெனிகளுக்கு மேலாளர் என்று கையெழுத்துப் போட வைத்தது சபை ஊழியர்களை. அதிலும் எல்லாருக்கும் இருக்கிற சாதாரணப் பெயராக, இணையத்தில் தேடினால் சிக்காதவராகப் பார்த்துப் பொறுக்கினார்கள் என்று பங்குச் சந்தை ஆணையத்தின் உத்தரவே சொல்கிறது. நம் ஊர் பினாமி பாணிக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. அந்த மேலாளர்களில் இரண்டு பேர், என்னமோ சரியில்லை என்று தயக்கத்தைச் சொல்லி விலகியும் இருக்கிறார்கள். அந்த இருவருக்கு என் வணக்கம், கையெழுத்துப் போடுகிறவன் படும் பாடு எனக்குத் தெரியும்.

இதில் என் தூக்கத்தைக் கெடுத்த ஒன்று உண்டு. இந்த ஏற்பாடு சட்டத்துக்கு ஒத்துவராமல் போகலாம் என்று சபையின் சொந்தத் தணிக்கைப் பிரிவே இரண்டு முறை எச்சரித்திருக்கிறது. அதே தணிக்கைப் பிரிவின் அறிக்கைதான் ஒவ்வொரு ஏப்ரலும் மாநாட்டில் வரும்: வரவு, செலவு, சொத்து எல்லாம் சபை ஏற்றுக்கொண்ட வரவுசெலவுத் திட்டங்களின்படி, சபையின் கணக்கு முறைப்படியே நடக்கின்றன என்று. ஒரு எண் இருக்காது. ஒரு மில்லியனா ஒரு லட்சம் மில்லியனா என்பதற்குக்கூட அதில் இடமில்லை. நான் ஒரு சின்ன பண்டகசாலைக்கு இப்படி ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தால் என் மேலதிகாரி மூஞ்சியில் விட்டெறிந்திருப்பார்.

அபராதம் 5 மில்லியன். என்சைன் பீக் 4, சபை 1. லட்ச ரூபாய் வைத்திருப்பவனிடம் ஐந்து ரூபாய் வாங்கின மாதிரி. தவறுகளுக்கு வருந்துகிறோம், விஷயம் முடிந்தது என்று அறிக்கை விட்டார்கள். ஏன் மறைத்தார்கள் என்பதற்குப் பதில் அதற்கு மூன்று வருடம் முன்பே கிடைத்துவிட்டது. என்சைன் பீக்கின் தலைவர் ரோஜர் கிளார்க் 2020இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையிடம் பேசும்போது, தசமபாகம் என்பது சபைக்குப் பணம் தேவை என்பதை விட உறுப்பினரின் அர்ப்பணிப்பு சம்பந்தப்பட்டது, இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்து இனிக் கொடுக்க வேண்டாம் என்று யாருக்கும் தோன்றிவிடக் கூடாது என்ற ரீதியில் சொன்னார். வரி ஏய்ப்போ திருட்டோ காரணமில்லை, கொடுப்பவருக்கு விவரம் தெரிந்தால் கை இழுத்துக்கொள்ளுமோ என்ற பயம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். உள்ளூர்ச் சபையை நடத்தும் ஆயருக்குச் சம்பளம் கிடையாது, வக்கீலோ பிளம்பரோ அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு ஊழியம் செய்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். எங்கள் அம்மா உலை வைக்கும்போது பிடியரிசி எடுத்து வைத்த ஞாபகம் வந்தது. சபையும் 2024இல் உதவிப் பணிகளுக்கு 1.45 பில்லியன் செலவழித்ததாக வெளியிட்டிருக்கிறது. ஆக, போதகர்கள் சொகுசாக வாழ்கிறார்கள் என்று உங்கள் கட்டுரையில் வரும் வரி உள்ளூர் ஆயர்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் எழுதியிருக்கலாம். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளை என்றால் வருடம் சுமார் 5 சதவீதமாவது தருமத்துக்குச் செலவழித்தாக வேண்டும், வருடாந்திர அறிக்கையும் கொடுக்க வேண்டும். சபைக்கு இரண்டும் கிடையாது. இதே சபை பிரிட்டனில் கணக்கு வெளியிடுகிறது, ஏனென்றால் அந்த ஊர்ச் சட்டம் கேட்கிறது.

பக்கத்து வீட்டு அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒருநாள் தன் கோப்பைக் காட்டினார். வருடக் கடைசியில் குடும்பத்தோடு ஆயர் முன்னால் உட்கார்ந்து, இந்த வருடம் முழுத் தசமபாகமும் கொடுத்தேனா என்று சொல்ல வேண்டும், அதற்காகச் சபை கொடுக்கும் தாள்கள் அவை. தேதி வாரியாக, சென்ட் வரைக்கும், ஒரு பிழை இல்லை. இவ்வளவு சுத்தமாகக் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள்! நீங்கள் அவர்கள் கணக்கைக் கேட்டதுண்டா என்று கேட்டேன். நான் கடவுளுக்குக் கொடுத்தேன், அப்புறம் அது அவர்கள் பாடு என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஆனாலும் அந்தப் பதிமூன்று கம்பெனி எதற்கு என்றுதான் எனக்கும் விளங்கவில்லை என்றார்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையின் மூன்றாம் பத்தியில் 100 மில்லியன் என்று அச்சாகியிருக்கிறது. அது பில்லியன். 100 மில்லியன் என்பது பங்கு விவரப் படிவம் கொடுக்க வேண்டிய வரம்பு. அடுத்த இதழில் சரி செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.