பேசாமல் நடந்த ஒரு வருடம்: நடைக் குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு நடை என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஒன்றைத் தவிர எல்லாம் நடந்தன. அந்த ஒன்று மழையால் நின்றது. ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடினால் கடப்பதில்லை என்பது நம் விதி. அதில் மாற்றம் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நான் சொல்ல வந்தது மௌன நடையைப் பற்றி. கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்ற யோசனை என்னுடையதுதான், அதனால் அது படுத்த கதையையும் நானே சொல்லிவிடுகிறேன். முதல் நடையில் வாய் மட்டும்தான் மூடியிருந்தது. சைகை, கண்ஜாடை, அடக்க முடியாத சிரிப்பு என்று ஆசிரியர் வராத வகுப்பறை மாதிரி இருந்தது. மறுநாள் ஓர் உறுப்பினர் போனில் சொன்னார்: “பேசக் கூடாது பேசக் கூடாதுன்னு நினைச்சே மூணு மணி நேரம் போச்சுங்க. ஒரு மரத்தையும் பாக்கல.”

சரி என்று விதியை எடுத்துவிட்டு, இடைவெளியைக் கொண்டுவந்தோம். முதல் ஒரு மணி நேரம் சேர்ந்து நடக்கலாம், இஷ்டம்போல் பேசலாம். வீட்டுக் கதை, ஆபீஸ் கதையெல்லாம் பெரும்பாலும் அதற்குள் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் ஆளுக்கு ஆள் நாற்பது தப்படி தள்ளி நடக்க வேண்டும். முன்னால் போகிறவரின் முதுகு தெரிந்தால் போதும். மூச்சும் காலும் ஒரு தாளத்துக்கு வந்த பிறகு பேச்சு தானாகவே நின்றுபோவதை எல்லோருமே கவனித்திருப்பீர்கள்.

தனியாகப் போனால்தான் மனம் அடங்கும் என்று சிலர் இன்னும் வாதாடுகிறார்கள். ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689இல் மாதக்கணக்கில் வடக்கே நடந்தபோது, பெரும்பகுதி வழியில் சீடர் சோரா கூடவே இருந்தார். கவிதைக்கு ஒரு குறையும் வரவில்லை. போதாததற்கு, கால் பிசகினால் தூக்கிவிட நமக்கு ஆள் வேண்டும்.

தலைவர் அடிக்கடி எடுத்துக்காட்டும் 2015ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வையும் பதிவு செய்கிறேன். இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களிடம், தன்னைப் பற்றிய பழைய கவலையையே அசைபோடுவது குறைந்தது. வாகனங்கள் இரைச்சலிடும் சாலையோரம் நடந்தவர்களிடம் குறையவில்லை. ஆனால் கலந்துகொண்டவர்கள் 38 பேர், நடந்ததும் ஒரே ஒரு தடவை. புது உறுப்பினர்களிடம் இதை மருந்துச்சீட்டு மாதிரி நீட்ட வேண்டாம் என்பது என் கட்சி.

நேரக் கணக்கையும் மாற்றினோம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்குப்படி, ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. பத்து கிலோமீட்டரும் 600 மீட்டர் ஏற்றமும் என்றால் மூன்று மணி நேரம். அந்தக் கணக்கில் சும்மா நிற்பதற்கு இடமே இல்லை. நாம் இப்போது ஐந்து மணி ஒதுக்குகிறோம்.

அந்தக் கூடுதல் நேரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கடைசிக்கு முந்தைய நடையில் மேட்டு விளிம்பில் பனிமூட்டம் சூழ்ந்து பாதை மறைந்தது. அவரவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் ஒரு மூத்த உறுப்பினர், காலுறையில் ஒட்டியிருந்த புல் விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாறைமேல் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். மூட்டம் விலகி எதிர்ச்சரிவு முழுக்கத் தெரிந்தது. அவர் நிமிரவில்லை. கடைசி விதையையும் வைத்துவிட்டு, “இருபத்தேழு” என்றார். பிறகு, “இவ்வளவு நேரம் நான் மணியே பாக்கல” என்றார்.

ஒரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாதை பிரியும் ஓர் இடத்தில், முன்னால் போன நான் ஏதோ யோசனையில் இடப்பக்கம் திரும்பிவிட்டேன். பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் சரியாக வலப்பக்கம் போனார்கள். ஒருவரையொருவர் கண்டுபிடிக்க முக்கால் மணி ஆனது. இனி பாதை பிரியும் இடத்தில் கடைசி ஆள் வந்து சேரும் வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். வழி நடத்துபவருக்கு அன்று ஆழ்ந்த சிந்தனை கிடையாது. வேண்டுமானால் மறுவாரம் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

யாரோ விட்டுச் சென்ற ஊன்றுகோல் ஒன்றும் கம்பளித் தொப்பி ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளவும். அறிக்கையைப் பொதுக்குழு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்