வைஃபை அழைப்பைத் திறந்து விடுங்கள்: கைபேசி நிறுவன அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதிக்குக் கைபேசிச் சேவை தரும் நிறுவனத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நீலகிரியில் கீழ்கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மழைக்காலத்தில் எங்கள் டவர் என்ன பாடு படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும், எங்கள் புகார்கள் எல்லாம் உங்களிடமே இருக்கின்றன, அதனால் பழங்கதையை மறுபடி விரிக்கவில்லை. டவர் சிக்னல் இல்லாதபோதும் வீட்டு வைஃபை வழியாக எங்கள் நம்பரிலிருந்தே பேச உதவும் வைஃபை அழைப்பைத் திறந்து விடுங்கள் என்று கேட்டிருந்தோம். அதற்குப் போன வாரம் நீங்கள் அனுப்பிய பதிலுக்குத்தான் இந்த மடல். மலைப்பகுதியில் டேட்டா வேகம் சீராக இருக்காது, அதனால் வைஃபை வழிக் குரல் அழைப்புக்கு உறுதி தர இயலாது, எங்கள் கைபேசி மாடலும் உங்கள் பட்டியலில் இல்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள்.

அந்த இரண்டு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி, காற்றில் கற்பூர மரம் லைன் மேல் சாய்ந்து ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. கொஞ்ச நேரத்தில் டவரின் பேட்டரியும் தீர்ந்துபோனது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் ஃபைபர் இணைப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் திருப்பூரில் இருக்கும் தம்பியின் முகம் பளிச்சென்று தெரிகிறது, குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பிலிருந்து 108-ஐக் கூப்பிட முடியாது. தம்பி தான் இன்னொரு போனில் 108 போட்டான். வேர்க்கிறதா, இடது கை வலிக்கிறதா, மூச்சு எப்படி என்று அவர்கள் கேட்பதை அவன் எங்களிடம் கேட்டு, நாங்கள் சொல்வதை அவன் அங்கே சொல்லி, இதற்கே எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கோத்தகிரியிலிருந்து கிளம்பிய ஆம்புலன்ஸ் டிரைவர் வழி கேட்க அவனைத்தான் கூப்பிட்டார், அவர் கையில் இருந்தது அவன் நம்பர். கோயிலைத் தாண்டி இரண்டாவது வளைவில் இடது பக்கம் இறங்க வேண்டும். தம்பி ஊரைவிட்டுப் போனபிறகு போட்ட ரோடு அது, அவனுக்கு எப்படித் தெரியும்? வண்டி பழைய ரோட்டிலேயே டீ பேக்டரி வரை போய்விட்டது. அம்மா டார்ச்சை வைத்துக்கொண்டு மழையில் ரோட்டோரம் நின்றாள், திரும்பி வரும்போது அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள்.

அப்பா பிழைத்துக்கொண்டார். அதற்கு நன்றி சொல்ல வேண்டியது ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் கோத்தகிரி டாக்டர்களுக்கும். உங்களுக்கு இல்லை, மன்னிக்கவும்.

வைஃபை அழைப்பு அன்றைக்கு என் போனில் திறந்திருந்தால் செத்துக் கிடந்த டவரைத் தொடாமலே வீட்டு இணையம் வழியாக நான் நேரடியாகப் பேசியிருக்கலாம். டிரைவரும் என் நம்பருக்கே கூப்பிட்டிருப்பார். நான் கேட்பது அது ஒன்றுதான்.

கல்லூரியில் கணினி வலையமைப்புப் பாடம் எடுப்பவன் என்பதால் உங்கள் "டேட்டா வேகம்" என்ற காரணத்தை என்னால் விழுங்க முடியவில்லை. டேனி கோஹன் என்ற கணினி விஞ்ஞானியின் பெயர் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாமல் இருக்காது. விமானம் ஓட்ட முறையான உரிமம் பெற்றவர், கிளைடரும் ஓட்டியவர். 1967-லேயே பொதுப் பயன்பாட்டுக் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டரை, அதாவது விமானம் ஓட்டுவதைத் திரையில் அப்படியே காட்டும் நிரலை, ஓட்டிக் காட்டினார். அதே மனிதர்தான் வலையமைப்பில் குரலை அனுப்பும் நெறிமுறையை (புரோட்டோகாலை) உருவாக்கினார். 1974 ஆகஸ்டில், கலிபோர்னியாவிலிருந்த அவருடைய ஆய்வகத்துக்கும் நாட்டின் மறுகோடியில் மாசசூசெட்ஸிலிருந்த லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே, இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் பேச்சு போய் வந்தது. அந்த வலையின் முக்கியத் தடங்களே அப்போது வினாடிக்கு 50 கிலோபிட்தான். அந்த டிசம்பரில் 3.5 கிலோபிட்டிலேயே குரலை அனுப்பிவிட்டார்கள்.

சிமுலேட்டரையும் குரலையும் சேர்த்து நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. பைலட் ஸ்டிக்கைச் சாய்த்தால் திரையில் அடிவானம் அந்தக் கணமே சாய வேண்டும், தாமதமாகச் சாய்ந்தால் அது எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. பேச்சும் அப்படியே. ஓர் எழுத்து விழுந்தால் காது சமாளித்துக்கொள்ளும், தாமதமானால் உரையாடலே நின்றுவிடும். வலையில் தகவல் போவது பாக்கெட் என்ற சிறு துண்டுகளாக; தொலைந்த பாக்கெட்டுக்காகக் காத்திருக்காதே, அடுத்ததை அனுப்பு என்று வாதாடியவர்களில் கோஹன் முக்கியமானவர். 1978 வாக்கில், தொலைந்ததைத் திரும்ப அனுப்ப வைக்கும் டிசிபி என்ற நெறிமுறையிலிருந்து, பாக்கெட்டை முகவரிக்கு அனுப்புவதை மட்டும் செய்யும் ஐபி தனியாகப் பிரிந்ததற்கு அந்த வாதமும் ஒரு காரணம். ஆக, மோசமான இணைப்பிலும் பேச வேண்டும் என்பதற்காகவே யோசித்துச் செய்த தொழில்நுட்பம் இது. இன்றைக்கு ஒரு வைஃபை அழைப்புக்கு எல்லாச் சுமையும் சேர்த்து நூறு கிலோபிட் இருந்தால் தாராளம். எங்கள் வீட்டில் அன்றைக்கு வீடியோவே ஓடியது. அப்படியிருக்க, வேகம் போதாது என்று எங்களிடம் எப்படிச் சொல்கிறீர்கள்?

கோஹன் இறந்தது 2019 ஆகஸ்ட் 12. அதற்கு நாலு நாள் முன்புதான் நம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, மண் சரிந்து, ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அந்த மழைக்குப் பிறகாவது ஏதாவது மாறும் என்று நம்பினோம். எங்கள் டவரில் ஒன்றும் மாறவில்லை, ரீசார்ஜ் விலை மட்டும் ஏறிவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை வைக்க சிக்னல் வேண்டும், வங்கியின் ஓடிபிக்கு சிக்னல் வேண்டும், பசுந்தேயிலை போட்ட பணம் வந்ததா என்று பார்க்கவும் சிக்னல் வேண்டும். எங்கள் மாவட்டத்துக் குந்தாவின் தண்ணீரில் எடுக்கும் மின்சாரம் சமவெளிக்கெல்லாம் போகிறது, இந்த மாவட்டத்தில் ஒரு டவருக்கு ஒரு ராத்திரிக்கான பேட்டரி கிடையாது. சீசனுக்கு வருகிறவர்கள் இரண்டு நாள் இருந்துவிட்டு இறங்கிப் போவார்கள். நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம், எங்கள் வயதானவர்களும் இங்கேயேதான் இருக்கிறார்கள்.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, விஷயத்துக்கு வருகிறேன். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக, விலை குறைந்த கைபேசிகள் உட்பட, இந்த வசதி உள்ள எல்லா மாடல்களுக்கும் வைஃபை அழைப்பைத் திறந்து விடுங்கள். 108-ம் 112-ம் அதில் கட்டாயம் வேலை செய்ய வேண்டும், சோதித்துப் பார்த்து எங்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். செட்டிங்கில் அதை எப்படிப் போடுவது என்று ஊர் ஊராக வந்து காட்ட உங்களிடம் ஆள் இல்லையென்றால் என் மாணவர்கள் வருகிறார்கள், அதற்கு நான் பொறுப்பு. எந்தெந்த மாடலுக்கு எந்தத் தேதிக்குள் திறப்பீர்கள் என்ற பட்டியலை மட்டும் தயவுசெய்து இந்த மாதத்துக்குள் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கீழ்கோத்தகிரிப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர்